வெள்ளையில் போன இருபத்து மூன்று வீடுகள்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
17-2-1974

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதுவது. நம் தெற்குக் கரையில் இருந்த இருபத்து மூன்று வீடுகளை நீ அழித்துவிட்டாய். நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனி போன பிறகும் விடவில்லை, நீயும் மருமகனும் பம்பாயில் நலமாயிருக்க அவள் நாள் தவறாமல் ஜெபமாலை சொல்லுகிறாள். சுகம் விசாரித்தாயிற்று. இனி நீ செய்த காரியத்தைக் கேள்.

நீ அனுப்பிய காலண்டர் கட்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது, பன்னிரண்டு சுருள். அப்பா எடுத்த தெற்குக் கரைப் படத்தை எங்கள் அச்சகத்தில் புது மாதிரியாகச் செய்து போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். எனக்கு இருந்த பெருமையில் ஒன்றைக்கூடப் பிரிக்காமல், புது வருஷத்துக்குக் காலண்டர் கொடுக்கிற வழக்கப்படி வேண்டியவர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நமக்கென்று வைத்த ஒன்றையும் அம்மா பங்குச் சாமியாருக்குக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு சுருள் புதுத் துறைமுக ரோட்டுக்காக நிலம் அளக்க வந்திருக்கும் அதிகாரிக்குப் போனது. ரோடு தெற்குக் கரை வழியாகத்தான் போகிறது, வீடுகளை எடுக்கிறார்கள். 1970-க்கு முன்பே குடியிருந்தோம் என்று காட்டுகிறவர்களுக்கு வேறு இடத்தில் மனை உண்டு, காட்டாதவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். நம் ஆட்கள் என்னத்தைக் காட்டுவார்கள்? தபால்காரர் மணலில் இறங்கமாட்டார் என்று ரேஷன் கார்டு முதல் எல்லாவற்றிலும் கோயில் தெரு விலாசத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் அந்தக் கரையில் ஒரு ஆத்மா குடியிருக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே சாட்சி 1969-இல் நான் எடுத்த அந்தப் படம். என்னிடமிருந்த பிரதி உப்புக்காற்றில் பூஞ்சை பூத்து அட்டையோடு ஒட்டிப்போனது. நெகடிவ் உன்னிடம்.

போன வியாழக்கிழமை கரைக்காரர்களுக்காகப் பேசுகிற நம் சிலுவையும், அந்தக் கரையில் குடியிருக்கிற அந்தோணியம்மாளும் நானுமாக அதிகாரியிடம் போய், படம் இருக்கிறது, மகளிடமிருந்து வரவழைக்கிறேன் என்று சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த நம் காலண்டரைக் காட்டினார். அப்போதுதான் நான் அதை முதல்முறையாகப் பார்த்தேன். கிட்டே போய் மறுபடி பார்த்தேன் ஹில்டா. மரக்கட்டையில் செதுக்கி மை தடவி ஒற்றியது போல ஒரு படம். ஐந்து பனை, ஒரு சிலுவை, ஒரு வள்ளம், எல்லாம் கன்னங்கரேல் என்று. மற்றதெல்லாம் வெள்ளை. கீழே என் பெயர், பக்கத்திலேயே 1969. அண்ணாச்சி, இது நீங்க எடுத்ததுதானே, பேரும் வருஷமும் போட்டிருக்கே, வேணும்னா பனைக்கும் சிலுவைக்கும் வள்ளத்துக்குமா ஏழு மனை எழுதிருதேன் என்று அவர் சொல்ல, பக்கத்து மேசைக் கிளார்க்குகள் சிரித்தார்கள். அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. சுவர் அருகே போய் அந்த வெள்ளையில் ஒரு இடத்தில் விரலை வைத்து, நீங்க படம் எடுக்கையில இங்கனதான வாசல்ல நின்னேன், இடுப்புல பிள்ளை வேற, எங்கள எங்கன கொண்டு வச்சிருக்கா ஒங்க மவ என்று என்னைக் கேட்டாள். வெளியே வந்ததும் சிலுவை, மச்சான், ஒம்ம மவ பம்பாயில இருந்தே புல்டோசர் ஓட்டிட்டாளே என்றான்.

நீ இதைச் செய்த லித் பிலிம், அச்சகத்தில் புழங்குகிற அந்தப் பிலிம், எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. டெவலப்பர் டப்பாவுக்குள் வருகிற துண்டுக் காகிதத்தை அகராதி வைத்துக்கொண்டு வாசித்துத் தொழில் படித்தவன் நான். அந்தப் பிலிமுக்கு நடு நிறம் கிடையாது, சாம்பல் எல்லாம் ஒன்று கறுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகும். வெயிலில் வெளுத்த ஓலைக்கூரையும் காயப்போட்ட வலையும் மணலும் ஒரே சாம்பலில் ஒரு நூல் இழைதான் வித்தியாசம். அந்த இழையைப் பிடிக்கத்தான் மெல்லிய மேகம் வரும்வரை காலை முழுவதும் நின்றேன். தேவையில்லாததெல்லாம் போய்க் கரை மட்டும் நிற்கிறது அப்பா என்று நீ எழுதியிருக்கிறாய். எது தேவையில்லாதது? அந்தோணியம்மாளா? அவள் வீட்டில் நீ கஞ்சி குடித்ததில்லையா? அம்மா உன் பக்கம். அவ அழகாத்தான் செஞ்சிருக்கா, பிரிச்சுப் பாக்காம குடுத்தது நீங்க என்கிறாள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழகாக இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அழகாக இருப்பதால்தான் அந்த ஆபீசுக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

மார்ச் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை விசாரணை. ஆகவே நீ உடனே நெகடிவைத் தேடி எடு. பிரதி பிலிமில்தான் வேலை செய்திருப்பாய், மூல நெகடிவில் பிளேடு வைத்துச் சுரண்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன், சுரண்டியிருந்தால் தந்தி கொடு. பட்டர் பேப்பரில் சுற்றி இரண்டு அட்டைக்கு நடுவே வை, கிளிப் போடாதே, கீறிவிடும். மருமகன் லீவு போட்டு வரிசையில் நின்று ரிஜிஸ்தர் தபாலில் சேர்க்க வேண்டும், ஆபீஸ் பையனிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. எந்தப் படத்திலிருந்து எப்படிச் செய்தது, எது எது அழிந்தது என்று உன் அச்சக முதலாளி கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தர வேண்டும். அவர் மறுத்தால் நீ எழுதிக் கையெழுத்துப் போடு, வேலை போனாலும் பரவாயில்லை. கொடுத்த காலண்டர்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குவது அம்மா பொறுப்பு, முழங்கால் வலியோடு போவதாகச் சொல்லிவிட்டாள். இருபத்து மூன்று வீட்டுக்காரர்களையும் அன்று கடலுக்குப் போகவிடாமல் கூட்டி வருவது சிலுவை பொறுப்பு. நடு நிறங்களை விடாமல் காட்டுகிற மென்மையான தாளில் பெரிதாகப் பிரதி போட்டு, ஒவ்வொரு கூரைக்கும் எண் எழுதி, அதிகாரி முன் வைப்பது நான். நெகடிவ் வராவிட்டாலும் நான் போவேன். போய், என் மகள் அச்சடித்தது பொய்ப் படம் என்று எல்லார் முன்னாலும் சொல்லுவேன்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் காப்பாராக. அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்ததும் வரும். தபால் சேர்த்த ரசீது எண்ணைக் கார்டில் எழுது.

உன் அப்பா,
கஸ்பார் மோத்தா