சர்வருக்குச் சந்தனப் பொட்டு

2025 ஜூலை 13

பசறையில் என் வேன் சர்வீஸ் கடையைத் திறந்ததும் கொழும்பில் வேலை செய்யும் நம்ம ஊர்ப் பையனிடமிருந்து போன். "அண்ணே, தீபாவளிக்கு ஊருக்கு வர இப்பவே வேன் சீட்டு போடலாமா? போன வருசம் மாதிரி ஆயிறக் கூடாது."

போன வருடம் ஆனது ஊருக்கே தெரியும். ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தேன். கடைசியில் முதலாளியாகிய நான் என் சீட்டை விட்டுவிட்டு, கொழும்பிலிருந்து வேன் கதவோரம் குந்தியபடியே வந்து சேர்ந்தேன். வேன் மூன்று இருக்கிறது, மூளை ஒன்றுதான்.

இந்த வருடம் சீட்டுப் பதிவு வலைத்தளத்தில். என் மகள் துஷாந்தினி, பதுளையில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்தவள், கட்டித் தருகிறாள்.

ஜூலை 20

தளத்தை எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் கட்டுவது என்று வீட்டில் சண்டை. கொழும்புக் கம்பனி ஒன்று ஜாவாவில் செய்து தருகிறோம் என்றது. துஷா சிரித்தாள்: "மூணு வேனுக்கு அது கன்டெய்னர் லொறிப்பா." பதுளை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஸப்ரான் பி.எச்.பி என்கிறான். இவளுக்கு நோட் ஜேஎஸ்தான் வேண்டுமாம், சுருக்கமாக நோட். ஒருவர் ஒரு சீட்டைத் தொட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாருடைய போனிலும் நிறம் மாற வேண்டும், அதற்கு அது தோதாம்.

வேன் வாங்குகிற கணக்கில்தான் நான் பார்த்தேன். நடுரோட்டில் நின்றுவிட்டால் பதுளையில் யார் பழுது பார்ப்பார்? ஸப்ரானுக்கு நோட் தெரியாது. ஆகவே பி.எச்.பி என்றேன்.

"நான் இருக்கேன்லப்பா?"

சரி, நோட். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு முறை தோற்றவன் இதற்கு மேல் என்ன வாதாட!

ஆகஸ்ட் 31

சோதனை. நான் பசறையில், ஸப்ரான் பதுளையில். போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி இரண்டு பேரும் ஒரே சீட்டை அமுக்கினோம். சீட்டு அவனுக்கு. எனக்கு "மன்னிக்கவும்" என்று வந்தது. "அண்ணே, மகள் உங்களுக்கே மன்னிப்பு சொல்லிட்டா!" என்று ஸப்ரான் கத்தினான். மன்னிக்கவும் என்பது இவ்வளவு இனிக்கிற வார்த்தையா?

செப்டம்பர் 12

துஷாவுக்குக் கொழும்பில் மென்பொருள் கம்பனியில் வேலை. ஒக்டோபர் 7 சேர வேண்டும். நம்ம சீட்டுத் தளத்தைக் காட்டித்தான் கிடைத்ததாம். எங்கள் தோட்டத்து மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேருக்கும் நானே போய்ச் சொன்னேன். சில வீடுகளுக்கு இரண்டு தடவை.

திரும்பி வந்தால், போக மாட்டேன் என்கிறாள். "தீபாவளி நேரம் சைட் விழுந்தா யாரு எழுப்புறது? நீங்களா?"

அந்த "நீங்களா" — கோபமாகச் சொல்லியிருந்தால்கூட பரவாயில்லை. பாசமாகச் சொன்னாள்.

செப்டம்பர் 13

"எனக்குச் சொல்லிக் குடு" என்றேன். என் மனைவி கலாராணி அடுப்படியிலிருந்து, "மொதல்ல டிவி ரிமோட்டப் படிங்க" என்றாள்.

செப்டம்பர் 15

பாடம் ஆரம்பம். தளத்துக்குக் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரை. கடவுச்சொல்லைத் தட்டினால் ஒன்றுமே விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறிப் பதுளைக்குப் போனேன். கடவுச்சொல் திரையில் தெரியாதாம், அது அப்படித்தானாம். ஸப்ரான் சிரித்ததில் பக்கத்துக் கடைக்காரரும் வந்துவிட்டார்.

செப்டம்பர் 24

இன்று நானாகவே உள்ளே நுழைந்து, தளத்தை நிறுத்தி, திரும்ப ஓட விட்டேன். துஷா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கம்பனிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒக்டோபர் 1

ஆயுத பூசை. வேன்களைக் கழுவி மாலை போட்டாயிற்று. ஸ்பானர், ஜாக்கி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால். நம்ம தளம் ஓடுகிற கம்ப்யூட்டர், அந்த சர்வருக்கும் பொட்டு வைக்கலாம் என்று பார்த்தால் அது சிங்கப்பூரில் இருக்கிறது. லெப்டொப் மூடிக்கு வைத்தேன்.

அப்போதுதான் தோன்றியது. எல்லா ஆயுதத்துக்கும் இன்று ஓய்வு. இது மட்டும் ஓடலாமா? துஷாவும் கலாராணியும் கோயிலில். நான் லெப்டொப்பிலிருந்தே அந்தச் சிங்கப்பூர் மெஷினை முழுதாக நிறுத்தி, கும்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில், சாதாரண நாள் வேனுக்குச் சீட்டுப் போடுகிறவர்களிடமிருந்து போன் மேல் போன். "அண்ணே, சைட் செத்துப்போச்சா?" மெஷினைத் திரும்பப் போட்டேன். மெஷின் வந்தது, தளம் வரவில்லை. ஐயோ, என்னா வேலை பண்ணிட்டேன் — புள்ளையோட உழைப்பு — கும்பிட்டே கொன்னுட்டேனா? கறுப்புத் திரைக்குள் போனேன். கட்டளையைத் தட்டினேன், எழுத்துப் பிழை. திரும்பவும் பிழை. கடைசியில் கட்டளை சரியாக விழுந்தது. தளம் எழும்பியது.

துஷா வந்து பார்த்தாள். "யாருப்பா ஸ்டார்ட் பண்ணுனது?"

"நான்தான். நிறுத்துனதும் நான்தான்."

திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் முகம்தான் வெளுத்தது. "மெஷின் திரும்ப வந்தா நம்ம புரோகிராமும் தானா எழும்பணும்னு நான் சொல்லி வைக்கவே இல்லப்பா. சிங்கப்பூர்ல சர்வர் கம்பனிக்காரங்க நிறுத்திப் போட்டிருந்தாலும் இதே கதிதான்." உட்கார்ந்து திருத்தினாள். பிறகு, "இன்னொருக்கா நிறுத்துங்க" என்றாள். நிறுத்திப் போட்டேன். யாரும் தொடாமல் எல்லாம் எழும்பியது.

"வேனுக்கு லீவு, மெஷினுக்கு லீவு. எனக்கு எப்ப லீவு?" என்றாள் கலாராணி.

ஒக்டோபர் 2

காலையில் துஷா கம்பனிக்குப் போன் பண்ணினாள். ஏழாம் திகதி வருகிறேன் என்றாள். "உன் தளம்?" என்றேன்.

"அதுக்கு ஆள் இருக்குப்பா."

ஒக்டோபர் 5

துஷாவை வேனில் ஏற்றி அனுப்பினேன். அவள் இல்லாமல் இந்தச் சின்ன லயத்து வீடு இவ்வளவு பெரிசா?

ஒக்டோபர் 8

தீபாவளிச் சீட்டு இன்று திறந்தது. பூனகலை, அப்புத்தளை என்று வேறு ஊர்ப் பிள்ளைகள்கூட நம்ம தளத்தைத் தேடி வந்தார்கள். நான் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். தளம் ஒரு தடவைகூட விழவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சாயங்காலம் பட்டியலைப் பார்த்தேன். பதினெட்டாம் திகதி வேன், முன் சீட்டு: துஷாந்தினி. ஏறுமிடம் கொழும்பு வெள்ளவத்தை, இறங்குமிடம் பசறை.

அவளுக்குப் போன் எடுத்தேன். "சொன்னா அப்பா சீட்டு வச்சிருக்க மாட்டேனா?"

"எல்லாரையும் மாதிரிதான்ப்பா போட்டேன். லஞ்ச் நேரம், கம்பனியில இருந்து. நல்லா வேகமா இருந்திச்சி."

கூட்டி வர நானும் போகலாம் என்று அதே வேனில் சீட்டைத் தொட்டேன். "மன்னிக்கவும், இடமில்லை."

பரவாயில்லை. கதவோரம் குந்தி வந்து எனக்குப் பழக்கம்தான்.