முதல் வாய்

மார்ச் 4, செவ்வாய்

பால் கணக்கு சரி. காய்கறிக் கணக்கு சரி. மனசுதான் சரியில்லை.

கொழுந்தன் பிள்ளையை எடை பார்க்க நான்தான் தூக்கிப் போனேன். ஏழு மாதம் முடிந்தும் போன மாத எடையே. "இன்னுமா பால் மட்டும் குடுக்கிறீங்க?" என்று டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். பெற்ற சின்னவள் ஆபீஸில், திட்டு வாங்குவது பெரியம்மா நான்.

சாயங்காலம் சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டேன். "முதல் வாய் நான்தான் ஊட்டுவேன்க்கா. ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள யாரும் எதுவும் குடுத்துடாதீங்க. முடியாதுன்னா சொல்லுங்க, பகல்ல குழந்தைக் காப்பகத்துல விட்டுடறேன்" என்றாள்.

யாரும் என்றால் யார்? பகலில் இந்த வீட்டில் இருப்பது நானும் சுவரும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆபீஸ் போய்விட்டாள். "அவசர வேலைக்கா, அடுத்த வாரம்." பிள்ளையின் பசிக்கும் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

மார்ச் 11

நாங்கள் சாப்பிட்டால் எங்கள் வாயையே பார்க்கிறான். நான் மென்றால் அவனும் வெறும் வாயை மெல்லுகிறான். இன்று முதுகைக் காட்டிக்கொண்டு திருடி மாதிரி சாப்பிட்டேன். பிரார்த்தனையிலும் மனம் நிற்கவில்லை. பொறுமை கொடு, பொறுமை கொடு என்று கேட்டு ஆண்டவனுக்கே அலுத்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

நடந்துவிட்டது.

பிள்ளை இடுப்பில். வெந்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன். ஆறிய துண்டு ஒன்றை லபக்கென்று எடுத்து வாயில் அப்பிக்கொண்டான். பிடுங்கியிருக்கலாம் – கை எழவில்லை. முகத்தைச் சுளித்தான். அப்புறம் 'ம்ம்' என்று காலை ஆட்டினான். மீதியை மசித்து ஸ்பூனில் கொடுத்தேன். ஆமாம், நானேதான்.

அவரிடம் சொன்னேன். "கிழங்கு குடுத்தது கொலைக் குத்தமா? வாயைத் தொடச்சிட்டியா? அப்ப சாட்சி இல்ல, விடு" என்று சிரிக்கிறார். இவர் சிரிப்பு ஒன்றுதான் குறைச்சல்.

மார்ச் 14

இன்றும் கொடுத்தேன்.

மார்ச் 15

இன்றும்.

மார்ச் 16, ஞாயிறு

புதுக் கிண்ணத்தில் குழைந்த சோறு, புது ஸ்பூன். எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள் சின்னவள். ஸ்பூன் கிண்ணத்தை விட்டுக் கிளம்பும் முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான் பாவி. விழுங்கினான், அடுத்ததற்குக் கிண்ணத்தைத் தட்டினான்.

அவள் கை அப்படியே நின்றது. "பழக்கப்பட்டவன் மாதிரி திறக்கிறானே..."

"கெட்டிக்காரன்" என்றேன். கணக்கில் ஒரு காசு பொய் எழுதாத நான்.

அப்புறம் சமையலறைக்கு வந்தாள். "எப்போக்கா?"

"வியாழக்கிழமை. கிழங்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "எடை ஏறலன்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா? பசிக்கிற புள்ள உன் லீவுக்குக் காத்திருக்குமா? காப்பகத்துல விடணும்னா விடு, போ!"

அவள் திருப்பிக் கத்தவில்லை. குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பகலெல்லாம் உங்ககிட்டதான் இருக்கான். என் பால் ஒண்ணுக்குத்தான் சாயங்காலம் என்னைத் தேடுறான். சோறு திங்க ஆரம்பிச்சுட்டா எதுக்குக்கா தேடுவான்?"

அவள் கழுவிய கிண்ணத்தை வாங்கித் துடைத்து வைத்தேன். கோபம் மட்டும் போகவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பிள்ளையைப் பட்டினி போட்டா சொல்ல வேண்டும்? எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 27, வியாழன்

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆண்டவனுக்கு நன்றி.

காப்பகப் பேச்சு இல்லை. பகல் வேளைகள் எனக்கு. மாலைக் கஞ்சி அவளுக்கு என்று நானே ஒதுக்கினேன். புத்தி கெட்டுப்போய் ஒதுக்கினேன்! இருட்டிவிட்டது, பஸ்ஸைக் காணோம். பிள்ளை கத்துகிறான். கஞ்சி ஏடு கட்டிவிட்டது. நேரம் காலம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா? மறுபடி சுட வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். என்னவெல்லாம் திட்டுவது என்று யோசித்து வரிசையாக வைத்திருந்தேன்.

மூச்சிரைக்க ஓடி வந்தாள். கை கழுவட்டும் என்று பார்த்திருந்து ஸ்பூனைக் கொடுத்தேன்.

திட்டு பாக்கி.