உளுந்து அள்ளிய கார்

தச்சநல்லூர்,
12.5.96

அன்பு மகன் குமரகுருபரனுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் இடுப்பு ஒன்றைத் தவிர. இடுப்புக்கு என்ன வந்தது என்று பதற வேண்டாம், கீழே வருகிறது. மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அதிகம் அலையாமல் நன்றாக இருக்க நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் துணை இருக்க வேண்டும்.

நீ லீவில் வந்தபோது எங்களுக்கென்று வாங்கிக் கொடுத்த ஜென் காரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாங்கின அன்றைக்கு அது கார். பத்தாம் நாள் அதை மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கில் இரண்டிரண்டு சுற்று வெட்டி, அகல டயர் போட்டு, சைலன்சரை மாற்றி, பின்னால் ஒரு இறக்கையும் மாட்டிக்கொண்டு வந்தாயே, அதற்குப் பிறகு அதை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காருக்கும் தரைக்கும் நடுவே என் நாலு விரல் போகிறது, கட்டைவிரல் போகவில்லை. நீ மஸ்கட்டுக்குப் போய்விட்டாய், ஓட்டுகிறவன் நான். வேகத்தடை வந்தால் உன் அம்மா கதவைத் திறந்து இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள், நான் கோணலாக ஏற்றி இறக்கி அவளிடம் போய்ச் சேருவேன், மறுபடியும் ஏறிக்கொள்வாள். நம் வீட்டிலிருந்து ஜங்ஷன் போவதற்குள் நாலு தடவை இப்படி நடக்கிறது. பின்னால் உள்ள இறக்கையில் அவள் வெங்காய வடகம் காயப்போட்டிருக்கிறாள், உயரம் தோதாக இருக்கிறதாம். அதையும் உனக்கு எழுதச் சொன்னாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். ஆனால் நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை அந்தக் காரில்தான் சேரன்மகாதேவிக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனோம். நடராஜன் அண்ணாச்சி மகள் விஜயஸ்ரீ, கூட்டுறவு பாங்கில் வேலை, போட்டோ அனுப்பியிருந்தேன். முந்தின போட்டோ மூன்றையும் அடுத்த தபாலிலேயே திருப்பி அனுப்பின நீ இதை மட்டும் ஒன்றரை மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறாய், அதிலேயே எங்களுக்கு உன் மனசு தெரிந்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று அம்மா ஒரு மாதமாக வெள்ளிக்கிழமை விரதம். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் நல்ல நேரம், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்று எட்டு மணிக்கே பூ, பழம், இனிப்போடு கிளம்பிவிட்டோம். நேரத்துக்குப் போயிருப்போம். சுத்தமல்லி தாண்டினதும் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். இந்த மாதம் வந்தால் நம் பக்கத்து ரோடெல்லாம் களம்தான், உனக்குத் தெரியும். வண்டி ஏறி ஏறி நெற்று உடைய வேண்டும் என்றுதான் போடுகிறார்கள், ஒதுங்கிப் போகிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நானும் மரியாதையாக நட்ட நடுவில், பைய, ஒரு செடி விடாமல் ஏற்றிக்கொண்டே போனேன். மற்ற வண்டி என்றால் சக்கரம் மட்டும்தான் ஏறும். நம் வண்டி வயிற்றாலேயே பெருக்கி அள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. நூறு கெஜம் போயிருப்பேன், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறுமுகிறது, நகரவில்லை. அடியிலிருந்து புகை. உன் அம்மா பழத்தட்டோடு குதித்துவிட்டாள். நான் எழுந்திருக்க முயன்றபோதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது, அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து அவசரமாக எழுந்து பார், உனக்கும் பிடிக்கும்.

உளுந்துக்காரி சுடலைவடிவு ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரை அடியில் வீசியதால் புகை அடங்கியது. அதற்குப் பிறகு அவள் பேசினதைத்தான் எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: என் உளுந்தை மிதிச்சிட்டுப் போகத்தாம்வே போட்டேன், மொத்தத்தையும் வாரிக்கிட்டு எங்கன போறீரு என்றாள். முப்பது வருடம் பௌதிகம் நடத்தி, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவனை உளுந்துத் திருடனாக்கிவிட்டாய். அவளும் நானும் உட்கார்ந்து செடியை உருவ உருவ வந்துகொண்டே இருக்கிறது. மணி பத்தரை தாண்டிவிட்டது. ராகுகாலத்தில் பெண் வீட்டு வாசலை மிதிக்க முடியாது, பன்னிரண்டு வரை இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புளியமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. இந்தக் காருக்காக இந்தப் பெண் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கார் ஒன்று உளுந்தில் மாட்டிக் கிடக்கிறது என்று பஸ்ஸில் வந்த யாரோ சொல்ல, நாங்களாகத்தான் இருக்கும் என்று நடராஜன் அண்ணாச்சியே தேடி வந்துவிட்டார். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதனால் ஸ்கூட்டியை ஓட்டி வந்தது விஜயஸ்ரீ. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நாங்கள் பார்க்கப் போன பெண் எங்களைப் பார்க்க வந்துவிட்டாள். குனிந்து அடியில் பார்த்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்குக் கை எட்டாத செடியை எல்லாம் இழுத்துப் போட்டாள். உன் அம்மா அழுகையை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி காரைச் சுற்றி வந்தார். புது வண்டின்னு சொன்னீங்க, இப்படித் தரையைத் தேய்ச்சுக்கிட்டுப் போகுதே, யாரு பண்ணின வேலை என்று கேட்டார். உன்னைப் பற்றி அவரிடம் நான் எழுதியிருந்தது என்ன தெரியுமா, பையன் நிதானமானவன், பொறுப்பானவன் என்று. புதுக் காரை வெட்டி வைத்தவனிடம் என் பெண்ணை எப்படிக் கொடுப்பேன் என்று அவர் நினைத்தால் அதில் தப்பும் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, நான்தான் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அண்ணாச்சி விடவில்லை, எதுக்காக என்றார். நீ அன்றைக்கு என்னிடம் சொன்னதையே எடுத்துவிட்டேன், காற்று அடியில் புகாமல் இருந்தால் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், திருப்பத்தில் சாயாது என்று. அறுபது வயதில் இவருக்கு எதற்கு ரோட்டைப் பிடிக்கிற வண்டி என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. பன்னிரண்டு அடித்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேசரி சாப்பிட்டோம், அங்கேயும் வந்தவர்களிடமெல்லாம், மாப்பிள்ளைக்கு அப்பா கொஞ்சம் ரேஸ் பிரியர் என்றே சொன்னார். பொய் சொன்ன பையன்களை முட்டி போட வைத்தவன் நான், உனக்காக ஒரு கேசரி முழுக்கப் பொய் சொன்னேன். வருத்தமில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வண்டி உறுமிக்கொண்டு போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பது எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. சைலன்சரை மாற்றச் சொல்ல மாட்டேன்.

அவர்களுக்குச் சம்மதம். ஆனால் நடந்ததை நீயே உன் கையால் நடராஜன் அண்ணாச்சிக்கு எழுதிவிடு. சம்பந்தியாகப் போகிறவரிடம் பொய்யோடு பந்தியில் உட்கார என்னால் முடியாது. பயப்படாமல் எழுது, ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு அது முதலிலேயே தெரிந்துவிட்டது. கிளம்பும்போது உன் அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு என் பக்கம் வந்து, மெதுவாக, நீங்க பண்ணியிருந்தா ஒரு தடவையாவது அதுல உட்கார்ந்து எந்திரிச்சுப் பார்த்துட்டுல்லா மாமா பண்ணியிருப்பீங்க என்றாள். இங்கே மெக்கானிக் பிச்சைக்கண்ணுவிடம் சொல்லி வேறு ஸ்பிரிங் போட்டுவிடுகிறேன் அம்மா என்றேன். வேண்டாம் மாமா, அவங்க வார வரைக்கும் அப்படியே இருக்கட்டும், நான் டிரைவிங் படிச்சுக்கிட்டிருக்கேன், அவங்களைப் பின் சீட்டுல உட்கார வச்சு இந்த ரோட்டுல ஒரு தடவை நானே கூட்டிட்டுப் போறேன், அதுக்கப்புறம் வண்டியை உயரம் ஏத்திக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறோம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. தைலம் தேய்த்ததில் இடுப்பு பரவாயில்லை. சுடலைவடிவுக்கு உன் அம்மா ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள், வந்ததும் நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவள் சொல்வதையும் நின்று கேட்டுக்கொள். நீயும் அந்தப் பெண்ணும் எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசீர்வாதம். அண்ணாச்சிக்குக் கடிதம், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அன்றைக்குப் பின் சீட்டில் உன் பக்கத்தில் உட்காரப்போகும்
அப்பா,
சிவசண்முகம்