ஸ்டெபி பறித்த திராட்சை

ஆழ்வார்குறிச்சி
6 அக்டோபர் 2024

என் செல்லப் பேத்தி ஸ்டெபிக்கு, ஆச்சி யூனிஸ் அன்பாய் எழுதுவது.

கர்த்தர் கிருபையில் இங்கன எல்லாரும் சுகம். முதலில் நல்ல சேதி. உன் அத்தை மகள் டார்லின் நர்ஸ் பரீட்சையில் முதல் வகுப்பு. அவள் தம்பி ஷிபின் பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை போட்டுவிட்டான். நம்ம சபைப் பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணித் திறந்துவைத்தார். நீ ஜார்ஜியா தேசத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மாதர் சங்கத்தில், "அமெரிக்காவுக்குப் பக்கமா?" என்று கேட்டார்கள். "அமெரிக்காவுக்கு எவனும் போவான், இது வேற" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு வருத்தம். உன் கடிதத்தில் வேலையைப் பற்றி நாலு வரி, திராட்சைத் தோட்டத்தைப் பற்றி நாலு பக்கம். ஊர் ஊராகப் போய் வைன் ருசி பார்க்கிறாயாமே? அந்த நாற்றத்தால் இந்த வீடு பட்டது உனக்குத் தெரியாதா?

உன் அப்பன் கிங்ஸ்டன் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்ததுமுதல் குடியைத் தொடவில்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகுதான். உன் கடிதம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுதான். வைன் வருகிற இடத்தை நான் தாண்டிவிடுகிறேன். "என்னம்மா, முன்னுக்குப் பின் சேரமாட்டேங்குதே" என்கிறான்.

உன் அம்மா அடக்கத்துக்கு அவன் குடித்துவிட்டு வந்து நின்றதை நானும் மறக்கவில்லை, பிள்ளே. அன்றைக்குப் பேச்சை விட்டவள் நீ. ஆனாலும் பெற்றவன். ஒரு வரி எழுதேன்.

எனக்குக் காது மந்தம், போன் சரிப்படாது. கடிதமே போடு.

உன் ஆச்சி
யூனிஸ் நேசையா


தெலாவி, ஜார்ஜியா
2 நவம்பர் 2024

அன்புள்ள ஆச்சிக்கு,

ருசி மட்டும் பார்க்கவில்லை, குடிக்கவும் செய்கிறேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை வந்தால் வேன் பிடித்துக் கிளம்பிவிடுவேன். இந்தப் பக்கத்துக்குக் காக்கெத்தி என்று பெயர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பனிமலை, நடுவில் எல்லாம் கொடிதான். ஆள் இறங்கிக் கழுவுகிற அளவு பெரிய மண்பானையைக் கழுத்துவரை தரையில் புதைத்து, பழத்தைத் தோலோடு கொட்டி மூடிவிடுகிறார்கள். மேற்கே இமெரெத்தி என்று ஒரு சீமை. அங்கே தோலைக் குறைத்துப் போடுவதால் ருசி லேசு. மலைமேல் ராச்சா என்கிற சீமையில் தித்திப்பு. இத்தனை சின்ன நாட்டில் பள்ளத்தாக்குக்கு ஒரு ருசி இருப்பது இங்கே வருமுன் எனக்கே தெரியாது.

நானா என்கிற அம்மாள் வீட்டில் தங்கி அறுவடைக்குப் பழம் பறித்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் ஒருவர் எழுந்து பேசி முடிக்கும்வரை யாரும் கிண்ணத்தைத் தொடக் கூடாது. இறந்தவர்களுக்காக ஒரு கிண்ணம் உண்டு. என்னைப் பேசச் சொன்னார்கள். அம்மாவைப் பற்றித் தமிழில் பேசினேன். ஒருத்தருக்கும் ஒரு சொல் புரியவில்லை, ஆனாலும் எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள். நானா அம்மாள் என் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள்.

அப்பா சுவரைப் பார்த்துக் குடிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் குடிப்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

அவருக்கு எழுத இன்னும் கை வரவில்லை. கோபிக்காதீங்க.

உங்கள் ஸ்டெபி


தெலாவி
9 மார்ச் 2025

அன்புள்ள ஆச்சிக்கு,

நாங்கள் பறித்த பழத்தைப் போட்ட பானையைத் திறந்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் மகேஸ்வரன் தென்காசிக்கு லீவில் வருகிறான், ஒரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன். ஒட்டியிருக்கிற தாளில் பறித்தவர்கள் பெயரெல்லாம் இருக்கும். மூன்றாவது பெயர் என்னுடையது. அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன். பார்த்ததும் பூட்டி வைத்துவிடுங்கள். அப்பா கண்ணில் படவே கூடாது.

ஸ்டெபி


ஆழ்வார்குறிச்சி
8 ஏப்ரல் 2025

பேத்தி ஸ்டெபிக்கு ஆச்சி எழுதுவது.

பாட்டில் வந்தது. டார்லின் உன் பெயரை விரல் வைத்துக் காட்டினாள். அச்சில் போட்டிருக்கிறானே! சேலைக்குள் சுற்றிப் பீரோவில் பூட்டிவிட்டேன்.

ஆனால் பூட்டி வைக்க மனசு கேட்கவில்லை. ஐயரைப் பார்த்து, ஈஸ்டர் நற்கருணைக்கு என் பேத்தி பறித்த பழத்தின் ரசத்தைச் சபையார் குடிக்கிற கிண்ணத்தில் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். நம்ம கோயிலில் உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி வடிப்பதுதானே வழக்கம்? ஐயர் யோசித்தார். பிறகு, "மற்ற தேசத்துச் சபைகளில் வைன்தானே, ஒரு மிடறுதானே" என்று சம்மதித்தார்.

நீ பயப்படாதே. உன் அப்பன் நற்கருணை எடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், நற்கருணை தொடங்குமுன்னே பைய எழும்பிப் போயிருவான்.

ஆச்சி


தெலாவி
2 மே 2025

ஆச்சி,

இன்றைக்குத்தான் உங்கள் கடிதம் கிடைத்தது. பூட்டி வைக்கத்தானே சொன்னேன்! அப்பா அன்றைக்கு எழுந்து போனாரா, இல்லையா? டார்லினுக்குப் போன் போட்டேன். "ஆச்சிட்ட கேளு" என்று வைத்துவிட்டாள். என்ன நடந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஸ்டெபி


ஆழ்வார்குறிச்சி
18 மே 2025

ஸ்டெபிக்கு,

அவன் எழும்பினான்.

ஈஸ்டருக்கு முகம் வழித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஜனங்கள் வரிசையாகப் போகையில் பக்கத்திலிருந்த ஞானம்பாள் என்னை இடித்து, "யூனிஸக்கா, பின்னால பாரும், உம்ம மவன் வாரான், ஸ்தோத்திரம்!" என்றாள். திரும்பிப் பார்த்தேன், அவன்தான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருக்கலாம். "அப்பம் மட்டும் வாங்குலே, கிண்ணம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சபை முழுக்க எங்களையே பார்த்தது. என் பேத்தி பறித்தது கிண்ணத்தில், என் மகன் முழங்காலில். அதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! பெருமை என் வாயை அடைத்துவிட்டது, ஏட்டி. கிண்ணம் அவன் உதட்டில் பட்டது. கண்ணை மூடினான். திறந்ததும் என்னைத்தான் தேடிப் பார்த்தான்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஷிபின் தேடிப் போய் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்புறம் தினமும்தான்.

ஒருநாள் தெளிவாக இருக்கையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். "பாதிரி நீட்டினதை அங்கன வச்சுத் துப்பவா முடியும்? ஆனா கடைக்கு நானாத்தானம்மா நடந்துபோனேன், நீங்களா கூட்டிட்டுப் போனீங்க?" என்றான். பிறகு, "அவ பறிச்சதாம்மா அது?" என்று கேட்டான். ஆமா என்றேன். அழுதுவிட்டான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டான். நான் பண்ணவில்லை.

போன திங்கட்கிழமை அவனாகவே பையை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை இல்லத்துக்குத் திரும்பப் போய்விட்டான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தத் தடவை நிற்குமா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

நீ அனுப்பினது தப்பில்லை. நீ சொன்னபடி நான் கேட்கவில்லை. அதற்காக அந்தத் தோட்டத்தை வெறுத்துவிடாதே. உன் மேசையில் நான் உட்கார மாட்டேன், ஆனால் உன் அம்மாவுக்காக நாலு பேர் எழுந்து நின்ற இடம் அது.

நேற்று பார்க்கப் போயிருந்தேன். அங்கே கட்டில் பக்கத்துச் சுவரில் வீட்டு ஆட்கள் படம் ஒட்டலாமாம். உன் காலேஜ் அடையாள அட்டையிலிருந்து பிய்த்தெடுத்த ஒன்றைத்தான் ஒட்டியிருக்கான். பாதி முகத்தில் காலேஜ் முத்திரை. இப்போ நீ எப்படி இருக்கிறாய் என்று என்னிடம் கேட்டான், எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. எனக்கு வேண்டாம். அவன் பெயருக்கு அனுப்பு. இல்லத்து விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆச்சி