பிள்ளை சாயும் பெட்டி

பிள்ளையின் அப்பாவுக்கு,

மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியை ஒட்டிவிட்டேன். கடலுக்கு நடுவால் போகும் பண்ணைத் தாம்போதியில் நீங்கள் சறுக்கி விழுந்த அன்று, பின்னால் சாய்ந்திருந்த பிள்ளைக்கு விழவேண்டிய அடியை வாங்கி வெடித்ததே, அந்தப் பெட்டிதான்.

மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச்சில் அம்புறோஸ் அண்ணையிடம் கேட்டேன். “வெடிப்பு முடியிற இடத்தில சின்ன ஓட்டை ஒண்டு போடும், தங்கச்சி. இல்லாட்டி அது ஓடிக்கொண்டே இருக்கும்” என்றார். போட்டேன். பழைய பிளாஸ்ரிக் வாளியில் ஒரு துண்டு வெட்டி, காய்ச்சிய கம்பியால் உருக்கி வெடிப்பை மூடினேன். உள்ளே அலுமினியத் தகடு வைத்து போல்ட் பூட்டினேன். கையில் இரண்டு கொப்புளம், பரவாயில்லை.

“இனி என்ர பிள்ளையைத் தொடாதேங்கோ” என்று அன்று கத்தியிருக்கக் கூடாது. நீங்களும் மோட்டார் சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு அல்லைப்பிட்டிக்கு, உங்கள் அம்மாவிடம் போய்விட்டீர்கள்.

பிள்ளை கனவில் இன்னும் தாம்போதியில்தான் போகிறாள். இரண்டு பக்கமும் கடலாம், மோட்டார் சைக்கிள் சில்லு தண்ணீருக்கு மேலால் உருண்டு போகுதாம். “அப்பா மெதுவாத்தான் ஓடுறார், அம்மா” என்கிறாள். எனக்கு அந்தக் கனவு வருவதில்லை. எனக்குப் பெட்டி வெடித்த சத்தம் மட்டும்தான் வருகிறது.

இன்று மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, நானே ஏறிச் சாய்ந்து பார்த்தேன். பெட்டி என்னைத் தாங்குகிறது. பிள்ளையை இன்னும் சாயவிடவில்லை.

முன்னால் இருந்து ஓட நீங்கள் வேண்டும்.

பிள்ளையின் அம்மா