இரண்டு தண்ணீர் மேசைகள்

டீச்சர்,

செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில் எலுமிச்சைச் சாறு விற்கும் தள்ளுவண்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. இன்று வெயில் தாங்காமல் ஒரு தம்ளர் வாங்கினேன். சர்க்கரை கம்மி, உப்பு தூக்கல். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அந்த வாடையே உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கொண்டைக்கு மேல் தொப்பி, கழுத்தில் விசில், முகத்தில் யார் மீதென்று தெரியாத எரிச்சல். "நல்லா இல்லையாண்ணே?" என்று வண்டிக்காரர் கேட்டபோதுதான், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு நாள் இல்லை டீச்சர். காலையில் திண்டுக்கல்லில் அம்மா வீடு. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினால், மதியம் செம்பட்டியில் அத்தா வீடு. சர்க்கரை வியாதியில் அவர் காலில் புண் ஆறாமல் கிடக்கிறது, கட்டு மாற்ற வேண்டும். மற்ற நாளெல்லாம் கொடைரோட்டுப் பள்ளியில் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டுத் தொண்டை கட்டும் வரை கத்துகிறேன். அலுத்துப்போயிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது. பெற்றவர்களைப் பார்ப்பதில் என்ன அலுப்பு என்று கேட்டுவிடுவார்கள். நீங்கள் மட்டும் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் நடைப் போட்டிக்கு வந்ததே ஒரு கூத்து. அத்தாவும் அம்மாவும் ஜமாத்தில் பேசிப் பிரிந்துபோன வருஷம் அது. பெரிய சண்டை என்று எதுவும் எனக்கு நினைவில் இல்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஆனால் பேசி முடித்த அன்று மாமாக்கள் அத்தாவைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்கள். அவர் செம்பட்டிக்குப் போய்ச் சின்னதாகப் பிரியாணிக் கடை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அம்மாவின் வாயில் அவருக்குப் பேர் இல்லை, முறையும் இல்லை. "செம்பட்டி போன் பண்ணுச்சா?" என்றுதான் கேட்பார். ஊர்தான் ஆள், ஆள்தான் ஊர்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மைதானத்திலேயே கிடந்தேன். ஓட்டத்தில் எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். நடைப் போட்டிக்கு மட்டும் யாரும் பேர் கொடுக்கவில்லை, எங்கள் பி.டி. சார் என்னைத் தள்ளிவிட்டுவிட்டார். இடுப்பை ஆட்டிக்கொண்டு ரோட்டில் வேகவேகமாக நடப்பவனைப் பார்த்தால் நம்மூர் சும்மா விடுமா? "ஏலே, அவசரமா? அந்தா கக்கூஸ்" என்று கை காட்டுவார்கள். விதி ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் மேலே போனால் அது ஓட்டம், ஓடினால் வெளியே.

மாவட்டப் போட்டியில் தலைமை நடுவர் நீங்கள். பெண்கள் பள்ளி டீச்சரான உங்களை எனக்கு அதற்குமுன் தெரியாது. அத்தா வருகிறேன் என்று சொல்லியிருந்தார், வந்தும்விட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் பைக்கோடு நின்றார். அம்மாவும் மாமாக்களும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கேட்டைத்தான் பார்த்தேன். நான் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் அவர் பைக்கை எடுத்துத் திருப்பினார். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. ஓடினேன். கோட்டை விட்டு விலகவில்லை, கேட் இருந்த திசையில் தடத்திலேயே ஓடினேன். அதற்குள் பைக் போய்விட்டது. எதிரே நீங்கள் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள். தேற்றப்போகிறீர்கள் என்று நினைத்தேன். "எதுக்கு அப்பு ஓடுன?" என்று கேட்டீர்கள். அத்தா போய்விட்டார் என்றேன்.

"அவரு போனா போகட்டும். நீ எதுக்கு ரெண்டு காலையும் தூக்குன?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிற்பாடு இதை நண்பர்களிடம் சொன்னால், ஏதோ பெரிய தத்துவம் போலத் தலையாட்டுகிறார்கள். எனக்குத் தெரியும், நீங்கள் தத்துவம் பேசுகிற ஆள் இல்லை. விதியைச் சொன்னீர்கள், கோபமாகச் சொன்னீர்கள். போகிற போக்கில், திங்கட்கிழமை விடிகாலை பெண்கள் பள்ளி ரோட்டுக்கு வந்துவிடு என்றும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அழுத மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் சரி என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்த உங்கள் அண்ணனைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டு வருவீர்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு தட்டியிருக்கும். ஒரு நாளும் என்னைப் பாராட்டியதில்லை. முட்டி மடங்குது, தோள் ஏறுது, இதே பாட்டுதான். ஒருநாள் என்னால் முடியவில்லை, அலுப்பாக இருக்கிறது என்று நடுரோட்டில் நின்றுவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். நீங்கள் மைல்கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உள்ளே கிடந்த கல்லைத் தட்டிவிட்டீர்கள்.

"எனக்குந்தான் அலுப்பா இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதையும் கூட்டிக்கிட்டு நட."

அடுத்த வருஷப் போட்டி சாலையில் நடப்பதாக இருந்தது. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்டு இன்னும் வண்டி விடாத ரோடு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பித் திரும்பி வர வேண்டும். இந்தத் தடவை தேறாவிட்டால் படிப்பை நிறுத்திப் பெரிய மாமாவின் தோல் மண்டியில் என்னை உட்கார்த்திவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. தேறினால் மாநிலப் போட்டி, அதை வைத்து ஒரு காலேஜ் சீட்டு. எனக்கு அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அத்தா மறுபடியும் வந்து, மறுபடியும் பாதியில் போய்விட்டால் என் கால் என் பேச்சைக் கேட்குமா என்று தெரியவில்லை. அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று உங்களைக் கேட்டேன். அவருக்கு என்மேல் அக்கறை இல்லை, அதனால்தான் நிற்பதில்லை என்றும் சொன்னேன்.

"அன்னைக்கு அந்தாளு ஹெல்மெட்டக்கூடக் கழட்டல, பாத்தியா? கழட்டி எங்க வைப்பாரு? பந்தல்ல ஒங்க மாமன்மாரு. நிக்க எடம் தெரியாமத்தான் போயிட்டாரு" என்றீர்கள்.

நான் பார்க்கவில்லை டீச்சர். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஹெல்மெட் தெரியவில்லை. மைதானத்தின் நடுவில் நின்று எங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததை அத்தா சொல்லித்தான் அறிந்தேன். பஸ் ஏறிச் செம்பட்டிக்குப் போயிருக்கிறீர்கள். கடையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, போட்டியில் தண்ணீர் கொடுக்க ஆள் பற்றவில்லை, அத்தா வரவேண்டும், முடிகிற வரைக்கும் மேசையை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். காலையில் பிரியாணிக்குத் தம் போட வேண்டுமே என்று அவர் இழுத்தாராம். ஒருநாள் செம்பட்டிக்காரர்கள் தயிர்சாதம் சாப்பிடட்டும் என்றீர்களாம். திரும்பி வந்த கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்து அம்மாவிடமும் அதையே சொன்னீர்கள். மாமாக்கள் வரவேண்டாம், கூட்டம் சேர்ந்தால் நடுவர்களுக்குத் தொந்தரவு என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டீர்கள். அத்தா வரப்போவதை அம்மாவிடம் மறைக்கவில்லை. "அவரு ரோட்டுக்கு அந்தக் கடைசி, நீங்க இந்தக் கடைசி" என்றீர்கள். அம்மா எலுமிச்சம்பழம் எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அன்று மலைக்கோட்டையைப் பார்த்த முனையில் அம்மாவின் மேசை, எதிர்முனையில் அத்தாவுடையது. நான் நடுவில். சிரிப்பு வந்தது. அத்தா முதல் தடவை தம்ளரைத் தளும்பத் தளும்ப நீட்டி என் சட்டை முழுக்கக் கொட்டினார். அடுத்த தடவை பாதி ஊற்றி வைத்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்திருந்தார். அம்மா உப்பு தூக்கலான எலுமிச்சைச் சாற்றை ஒரு மடக்குக் கொடுத்து, நனைத்த பஞ்சை என் பிடரியில் பிழிந்துவிட்டு, அடுத்த பஞ்சை நனைக்கக் குனிந்துகொண்டார்.

கடைசியாக அத்தாவின் முனைக்குப் போகும்போது முன்னால் ஒருவன்தான் இருந்தான். தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. தூரத்திலிருந்தே பார்த்தேன், மேசைக்குப் பின்னால் யாருமில்லை.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? போய்விட்டார், இன்றைக்கும் போய்விட்டார் என்று உடம்பு முழுக்க ஒரே சொல்லாக இருந்தது. கால் இரண்டும் பறக்கத் துடித்தன. போனால் போகட்டும் என்று நினைக்க என்னால் முடியவில்லை, அதை உங்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை. அழுதேன். ஆனால் அழுதுகொண்டே குதிகாலை ஊன்றினேன். ஒன்றை ஊன்றிவிட்டுத்தான் மற்றதை எடுத்தேன். மேசைக்குப் பக்கத்தில் வந்தபோது, அடியிலிருந்து அத்தா எழுந்தார். கீழே சிதறிக் கிடந்த பிளாஸ்டிக் தம்ளர்களைப் பொறுக்கிக் கை நிறைய வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இங்கனதான் இருக்கேன். நீ போ" என்றார்.

இரண்டாவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஆனாலும் காலேஜ் சீட்டு கிடைத்தது, தோல் மண்டி தப்பித்தது. அத்தாவும் அம்மாவும் சேர்ந்துவிடவில்லை. அன்றுகூட இரண்டு முனையிலிருந்தும் தனித்தனியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை என்று நினைக்கிறேன். மேசையை மடக்கி வண்டியில் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தீர்கள்.

போன கோடையில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் தங்கை மகள் போன் செய்தாள். அத்தா, அம்மா இரண்டு பேருக்கும் சொன்னேன், இரண்டு பேரும் வந்தார்கள். உங்கள் சந்து உங்களுக்குத் தெரியும், நிழல் கிடையாது. ஜெபம் நடக்கும்போது உள்ளே இடமில்லாமல் உங்கள் பழைய மாணவிகள் எல்லாம் வெயிலில் நின்றார்கள். சந்து முனையில் ஒரு தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள், ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லை. சற்று நேரத்தில் பார்த்தால், புண் காலைச் சாய்த்து நின்றுகொண்டு அத்தா ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் அம்மா எலுமிச்சைச் சாறு கலந்து பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் யாரும் சொல்லவில்லை.

அந்த முனையில் தம்ளர் பற்றவில்லை. வாசலில் கழுவி வைத்திருந்ததை எடுக்க வந்தேன். அம்மா ஒரு தட்டில் அடுக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒங்க அத்தா அம்புட்டு நேரமா வெயில்ல நிக்கிறாரு. எல்லாருக்கும் குடுக்குறாரே, அவரு குடிச்சாரான்னு கேளு."

ஒங்க அத்தா. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சொல் அம்மாவின் வாயில் வந்தது என்று அவருக்கே தெரிந்ததா, தெரியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வேகமாகப் போகவேண்டும் போல இருந்தது, ஆனால் தம்ளர்கள் விழுந்துவிடும் என்று குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தேன். அத்தாவிடம் கேட்டேன். அவர் குடிக்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னார் என்றதும், ஒரு தம்ளர் எடுத்து அங்கேயே நின்று முழுக்கக் குடித்தார். பிறகு உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நாங்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டோம்.

மறுநாளே அம்மாவுக்கு அவர் பழையபடி செம்பட்டியாகிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. இன்று காலை கிளம்பும்போது கூட, "செம்பட்டிக்கு இத எடுத்துட்டுப் போ" என்று ஒரு பாட்டிலை என் பையில் வைத்தார். எலுமிச்சை ஊறுகாய். உப்பு கம்மியாகப் போட்டிருக்கிறது, அவருக்கு ஆகாது என்றார். அத்தாவின் மாத்திரைகளும் பஞ்சும் மருந்தும் இருக்கிற அதே பையில் அதுவும் இருக்கிறது.

சாறு குடித்து முடித்துவிட்டேன் டீச்சர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அத்தாவின் வீடு கொஞ்ச தூரம், ஆட்டோவில் போகலாம், ஆனாலும் நடந்துதான் போகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போகிறேன்.