தட்டைத் திருப்பிய கை

முடிச்சூர்,
வியாழன் மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான மகள் எப்சிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் மஸ்கட்டில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சின்னவனுக்கு இருமல் விட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். வழக்கமாக இதற்கு அடுத்த வரியில் இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவேன். இன்று அந்த வரியை எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, கடைசியில் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தவன், ஒரு வரிக்கு இவ்வளவு தடுமாறியதில்லை. ஃபோனில் சொல்லலாம்தான், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறிப் போவாய். பக்கத்து வீட்டு பாட்சா பாயின் மகன் ஷாகுல் லீவு முடிந்து நாளைக் காலை மஸ்கட் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அக்டோபர் முதல் வாரமே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது, மகராசி மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தைல வாடை ஏன் இப்படி அடிக்கிறது என்று நான் சண்டை பிடித்தபோதுதான் சொன்னாள். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முதலில் மழையைப் பற்றி, டிராஃபிக்கைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார்கள், அந்த அரை நிமிஷம் நானும் புரியாத அந்தத் திரையையே பார்த்தேன். இந்தத் திங்கட்கிழமை ஊசி வழியாகச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், வருகிற திங்கள் பதினோரு மணிக்கு ரிசல்ட். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், ஒன்றும் இருக்காது என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, பாப்பா. மத்தியானம் அம்மா படுத்திருந்தால் மூச்சு சீராக வருகிறதா என்று கதவோரம் நின்று பார்க்கிறேன். ஃபோன் அடித்தால் ஆஸ்பத்திரியோ என்று ஓடுகிறேன், எடுத்தால் கேஸ் சிலிண்டர்காரன். பத்து நாளாகக் காலை வசனம் அனுப்பவில்லையே, மறந்துவிட்டீர்களா அப்பா என்று கேட்டிருந்தாய். மறக்கவில்லை. உனக்கு ஒரு வசனம் அனுப்பப் போய் பாதியிலேயே அழித்துவிடுகிறேன், அதற்குக் காரணம் கட்டி மட்டும் இல்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இந்த வாரம் இரண்டு பேரிடம் சொன்னேன், மூன்றாவது ஆள் நீ.

புது வருஷ ஆராதனையில் நம் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது உனக்குத் தெரியும், வீட்டுக்கு ஒருவர் வரிசையில் வந்து தட்டிலிருந்து ஒன்று எடுப்பார்கள், அதில் இருக்கும் வசனம்தான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க. அந்த அட்டைகளைத் தயார் பண்ணுவது இருபத்திரண்டு வருஷமாக உன் அப்பா என்பதும் தெரியும். அதில் நான் பண்ணின வேலைதான் உனக்குத் தெரியாது. சுகம், சமாதானம், சொந்த வீடு, பிள்ளை பாக்கியம், நீண்ட ஆயுசு, இப்படிப்பட்ட வசனங்களையே மாற்றி மாற்றிப் போடுவேன். பாடு, உபத்திரவம் என்று ஒரு வார்த்தை இருந்தாலும் எடுத்துவிடுவேன். வருஷப் பிறப்பும் அதுவுமாக யாராவது முகம் வாடி வீட்டுக்குப் போனால் பார்க்க முடியுமா என்று நினைத்தேன். போன டிசம்பரில் புதிதாக வந்த ஆரோன் பாஸ்டர் என் லிஸ்ட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஐயா, வருஷா வருஷம் ஸ்வீட்டாவே குடுத்துக்கிட்டு இருந்தா சபைக்கே சுகர் வந்துடும், இதையும் ஒண்ணு சேருங்க என்று ஒரு வசனத்தைக் குறித்துக் கொடுத்தார். உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று ஆண்டவர் தம் சீஷர்களிடம் சொல்லிவிட்டு, பயப்படாதீர்கள் நான் ஜெயித்துவிட்டேன் என்று முடிப்பாரே, அது. மனசில்லாமல் முந்நூறில் ஒரே ஒரு அட்டை அடித்தேன். எரிச்சலில் வெட்டும்போது பிளேடு வழுக்கி அதன் மூலை போய்விட்டது.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வரிசையில் வந்து கையை நீட்டினாள், நீட்டின கை நேராக அந்த மூலை போன அட்டை மேல் போனது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை எப்சி, தட்டைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பிவிட்டேன். அம்மா வேறு ஒன்றை எடுத்தாள், நீண்ட ஆயுசு. அவளுக்குப் பின்னால் நின்றது பீர்க்கன்கரணை லாசரஸ் மனைவி ஞானஜோதி. அவள் அந்த அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஆகஸ்டில் அவர்கள் ஒரே பையன் ஆபேல், உனக்கு சண்டே ஸ்கூலில் ஜூனியர், மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்தவன், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி ஏறிச் செத்துப் போனான். உன்னிடம் ஃபோனில் விபத்து என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். அடக்கத்தன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீளமாக ஜெபம் பண்ணினதும் நான்தான், நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்று சொன்னேன், சொல்லும்போது ஞானஜோதி கண் திறந்து என்னையே பார்த்தாள்.

அன்றிலிருந்தே உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது, அம்மா கட்டி என்று சொன்ன நாளில் அது முழுசாக என்னைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்கு வந்ததை நான் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டேன், அது இப்போது எங்கள் வீட்டைத் தேடித் திரும்பி வந்துவிட்டது, இப்படியே ஓடியது புத்தி. படித்தவன், சபை மூப்பன், இப்படி நினைக்கலாமா என்று எனக்கே வெட்கம். ஆனால் பயம் வெட்கத்தைப் பார்க்கிறதா. உலகத்தில் ஏன் இத்தனை பாடு என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருக்கும், பாவத்தால் வந்தது என்பேன், சோதித்துப் பார்க்கிறார் என்பேன், பொன்னைப் புடமிடுகிறார் என்பேன். எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். இப்போது உன் அம்மா முகத்தைப் பார்த்து அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் ஆண்டவரே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அவர் என்னிடம் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று எழுந்துவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன். லாசரஸ் வேலைக்குப் போயிருந்தார், ஞானஜோதி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், வாங்கண்ணா, அக்கா எப்படி இருக்காங்க என்றாள். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையை, தட்டை, அம்மாவின் கட்டியை. அவள் கீரை ஆய்வதை நிறுத்தவே இல்லை. மன்னிச்சுடும்மா என்று முடித்தபோது நிமிர்ந்தாள், முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் நான் பயந்துகொண்டு போன கோபம் இல்லை. நீங்க பிளேடால வெட்டின அட்டைய பாத்துத்தான் ஆண்டவர் என் புள்ளைய எடுத்தாரு, அப்படியா நெனச்சிகினு இருக்கீங்க என்று கேட்டாள். லாரிக்காரன் தூங்கிட்டான்ணா, ரெண்டு நாளா அவன தூங்க வுடாம ஓட்டச் சொன்னது அவன் மொதலாளி, மனுசன் பண்ணதுக்கெல்லாம் ஆண்டவர் தலைய உருட்டாதீங்க என்றாள். அப்புறம், நல்லவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்னு ஜெபம் பண்ணீங்களே, அப்ப மிச்சம் இருக்கற நாங்கள்லாம் யாருண்ணா என்றாள். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு அவளே பேசினாள். துக்கத்துக்கு வந்தவங்க ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டுப் போனாங்கண்ணா, எல்லாம் உங்க அட்டை மாதிரியே நல்லா இருந்துச்சு, ஒண்ணும் எனக்கு ஒட்டல, அந்த மூலை போன அட்டை ஒண்ணுதான் என்கிட்ட பொய் சொல்லல, உபத்திரவம் வரும்னுச்சு, வந்துச்சு, பயப்படாதேன்னுச்சு, அதத்தான் புடிச்சிகினு இருக்கேன் என்றாள். ஏன் என்பதற்கு உனக்காவது பதில் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். டெய்லி கேக்கறேண்ணா, கொழம்பு தாளிக்கும்போது கேக்கறேன், பஸ்ல போம்போது கேக்கறேன், சிலுவையில தொங்கினப்ப அவரும்தான் ஏன்னு கேட்டாரு, அவருக்கே அப்ப பதில் வரலயே, பாடு பட்டவர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட கேக்கறேன், எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் என்றாள். ஃபிரிட்ஜ் கதவில் ஆபேல் ஃபோட்டோவுக்குக் கீழே அந்த அட்டையை ஒட்டி வைத்திருக்கிறாள். நான் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே பின்னால் வந்து, திங்கக்கிழமை ரிசல்ட் வாங்க நானும் வரேன், எதுவும் பேச மாட்டேன், அக்கா பக்கத்துல உக்காந்திருப்பேன் என்றாள். ஏரிக்கரை வரைக்கும்தான் வண்டி ஓட்ட முடிந்தது, ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அறுபத்தேழு வயசில் ரோட்டோரம் அழுத மனுஷனைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, இன்னா சார், உடம்புக்கு முடியலயா என்று விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் சாதாரணமாக, தட்டை நீங்க திருப்புனத பாத்தேன், எனக்குன்னு நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சு சந்தோஷமா எடுத்துக்கிட்டேன் என்றாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது, பின்னால் நின்றது ஞானஜோதியா என்று கேட்டாள். நீண்ட ஆயுசு அட்டை இன்னும் பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, தலை வாரும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது. அன்றைக்கு சாயங்காலம் அம்மா முதல் தடவையாக எனக்குப் பயமா இருக்குங்க என்றாள். நானும் எனக்கும் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், டீ ஆறிப் போனது. முப்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவள் பயத்துக்கு நான் உடனே ஒரு வசனம் சொல்லி அடைக்காமல் இருந்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். உன்னையும் அப்படித்தான் வளர்த்துவிட்டேன். 2015 வெள்ளத்தில் நீ ஹாஸ்டலில் இருந்தபோது வாசலில் கொஞ்சம் தண்ணீர் என்று சொன்னேனே, நானும் அம்மாவும் மூன்று நாள் பாட்சா பாய் வீட்டு மாடியில் இருந்தோம், அவர் மனைவி அஜீசா அக்கா போட்ட கஞ்சிதான் சாப்பாடு. உனக்கும் மூலை போன அட்டையைக் காட்டாமலே இத்தனை வருஷம் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இனி திருப்ப மாட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ரிசல்ட் வரும் முன்னே பிள்ளையைக் கலங்கடிக்கணுமா என்று நன்றாகத் திட்டினாள், அப்புறம் நார்த்தங்காய் ஊறுகாயை பாட்டிலில் போட்டு இரண்டு கவர் சுற்றி வைத்திருக்கிறாள், ஷாகுலிடம் வாங்கிக்கொள். சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. ஒன்றும் ஆகாது என்று சொல்லாதே, வசனம் அனுப்பாதே. எப்படி இருக்கிறது அம்மா, வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று கேள், அவள் சொல்வதைக் கேள். அழுகை வந்தால் அழு, அவள் தாங்குவாள், தாங்காதவன் நான்தான் என்று இப்போது தெரிந்துபோனது. உடனே டிக்கெட் போட வேண்டாம், திங்கள் மத்தியானம் நானே கூப்பிடுகிறேன், எதுவாக இருந்தாலும் உள்ளபடியே சொல்வேன். நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள், உன் அம்மா மாதிரி தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதே. சின்னவனை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். பாடுபட்ட கர்த்தர் உங்கள் மூன்று பேர் கூடவும் இருப்பாராக, எங்கள் கூடவும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. பொன்னையா.

பின்குறிப்பு: வருகிற வருஷத்து அட்டைகளுக்குத் தாள் வாங்கி வந்துவிட்டேன். அந்த வசனத்தை இந்தத் தடவை நிறையவே போடப் போகிறேன், பிளேடு வழுக்காமல் நேராக வெட்டுவேன். தட்டை வேறு யாராவது பிடிக்கட்டும் என்று ஆரோன் பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், நம் வீட்டுக்கு அம்மாவே எடுப்பாள், நான் வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பேன். எந்த அட்டை வந்தாலும் சரி, எப்சி. எனக்கு முன்னால் வரிசையில் அவள் நிற்க வேண்டும், அது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.